மூன்று தெருக்களின் கடவுச்சொல்

பங்குனி பிறந்து பதினோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பால்காரர் மணியடிக்கும் நேரத்தில், கரிசல் காட்டின் நடுவே மூன்றே மூன்று தெருக்களோடு கிடந்த செவக்காடு என்னும் ஊரில் ஆயிரத்து நானூற்றுப் பதினேழு பேர் ஊடுதெரிகிறவர்களாக விழித்தெழுந்தார்கள். முந்திய நாள் மாலையில்தான் அவர்களுடைய முகங்களையெல்லாம் சங்கரவடிவு ஒரே கோப்பில் அமுக்கிப் பூட்டியிருந்தாள் என்பதை ஊரே அறிந்திருந்தபடியால், இது எதனால் வந்தது என்று கேட்டு ஒருவரும் நேரத்தை வீணாக்கவில்லை.

சங்கரவடிவு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் வடிவமைக்கும் கடை வைத்திருந்தாள். செவக்காட்டில் பிள்ளைக்குக் காது குத்தினாலும், பெண் சமைந்தாலும், யாரேனும் கண்ணை மூடினாலும் நாற்சந்தியில் ஒரு தட்டி எழும்பும். நடுவில் உரியவரின் முகம் பெரிதாக, அதன் காலடியில் உறவும் நட்பும் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முகங்களாக. அந்த முகம் ஒவ்வொன்றையும், அது எடுக்கப்பட்ட மண்டபத்துச் சுவரிலிருந்தும், வயலின் பச்சையிலிருந்தும், தோளில் கைபோட்டு நின்ற நண்பனிடமிருந்தும் முடி முடியாக அறுத்தெடுத்து, பின்னால் ஒன்றுமே இல்லாத படமாக, எந்த நிறத்தின் மேலும் ஒட்டிக்கொள்ளும் ஊடுதெரியும் படமாக ஆக்கி வைப்பது அவள் தொழில். 'ஒன்றுமில்லை' என்பதைக் கம்ப்யூட்டர் திரை சாம்பலும் வெள்ளையுமான சிறு கட்டங்களாகக் காட்டும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கட்டங்களின் மேல் ஊர் மனிதர்களை அறுத்து அறுத்து வைத்தாள் வடிவு. தன் மகள் அல்லியின் முகத்தை மட்டும் எதிலிருந்தும் அறுத்தெடுக்க அவளுக்குக் கை வரவில்லை. அன்பர்களே, ஒரு மனிதனை அவன் பின்னால் நிற்பவற்றிலிருந்து பிரித்தெடுப்பது எவ்வளவு எளிது, பிரித்த பிறகு அவன் எவ்வளவு லேசாகிவிடுகிறான் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பக்கத்தில் தாத்தாவின் பெயரைப் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் வைப்பது வழக்கம். வடக்குத் தெருவில் பெரிய கோமதிநாயகம், சின்னக் கோமதிநாயகம் என்று பெரியப்பா மகனும் சித்தப்பா மகனுமாக இரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர் போன வருஷம் காலமானார். அவருடைய முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு, சென்னையில் இருக்கும் மகன் போனில் சொல்ல, வடிவு அவசரத்தில் பக்கத்துக் கோப்பை எடுத்துவிட்டாள். உயிரோடு அரிசி ஆலை நடத்திக்கொண்டிருந்த சின்னக் கோமதிநாயகத்தின் முகம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் இரண்டு பக்கமும் குத்துவிளக்குமாக நாற்சந்தியில் நின்றது. யாரோ போனில் அனுப்பிய தட்டியின் படத்தில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, தூத்துக்குடியிலிருந்து அவருடைய அத்தையும் அத்தை மக்களும் வேன் பிடித்து மாலையோடு வந்து, மாரில் அடித்துக்கொண்டு வாசலில் இறங்கியபோது, அவர் ரசம் சாதத்தில் கைவைத்திருந்தார்.

தவறு யாருக்கும் வரும். ஆனால் தவற்றுக்கும் பொய்க்கும் நடுவே ஒரு மூச்சுவிடும் நேரம் கடவுளால் எல்லோருக்கும் அளிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் வடிவு பயந்துபோனாள். "நான் சரியாத்தான் வச்சேன் அண்ணாச்சி. யாரோ கடைக்குள்ள புகுந்து படத்தை மாத்திட்டாவ" என்றாள். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. வடக்குத் தெரு கீழத்தெருவைச் சந்தேகித்தது. கீழத்தெரு தெற்குத் தெருவைக் காட்டியது. தெற்குத் தெரு இரண்டையும் ஏசியது. கடைசியில், முகங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் மட்டும் மூன்றும் ஒன்றாயின.

செவக்காட்டு அம்மனின் நகைப் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று தெருவில். மூவரும் கூடியிருந்து, ஒருவர் திறப்பதை மற்ற இருவரும் கண்ணால் பார்த்திருந்தால்தான் பெட்டி திறக்கும். கோப்புக்கும் அதே முறை என்று முடிவானது. வடக்குத் தெருவுக்குச் சின்னக் கோமதிநாயகம், கீழத்தெருவுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் உலகநாதன், தெற்குத் தெருவுக்கு வார்டு உறுப்பினர் ஆவுடைத்தங்கம் என்று மூவரும் கடைக்கு வந்து, கடவுச்சொல்லை மூன்று துண்டாக்கி ஆளுக்கொரு துண்டை அடித்தார்கள். அடிக்கிறவரின் முதுகு விசைப்பலகையை மறைத்தது. மற்ற இருவரும் அந்த முதுகைக் கண்கொட்டாமல் பார்த்திருந்தார்கள். திரையிலோ வெறும் புள்ளிகள்.

"உன் மூஞ்சியையும் உள்ள போடு தாயி. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றார் கோமதிநாயகம்.

போட்டாள். பிறகு தீர்மானத்தின்படி, வெளியே இருந்த அசல் படங்களையெல்லாம் மூவர் கண்முன்னே அழித்தாள். ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாள் காலை வடிவு முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தபோது, அதில் சாம்பலும் வெள்ளையுமான கட்டங்கள் மெல்லத் தெரிந்து, பிறகு அவையும் கலைந்து, பின்சுவரில் தொங்கிய காலண்டரும் அதன் கீழ் ஒரு பல்லியும் தெளிவாகத் தெரிந்தன. ஓரங்களில் மட்டும், சரியாக அறுபடாத படத்தில் இருப்பதுபோல், ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு அவளைச் சுற்றி ஓடியது.

ஊர் முதல் இரண்டு நாள் தடுமாறியது. மூன்றாம் நாள் பழகத் தொடங்கியது. ஒரு வாரத்தில் அதற்கு முன் எப்படி இருந்தோம் என்பதையே மறந்தது. உடுத்திய துணி வெற்றிலை மென்று துப்புகிற நேரத்துக்குள் அவர்களோடு சேர்ந்து தெளிந்துவிட்டதால் மானத்துக்குக் குறைவு வரவில்லை. காக்கைகள் தோளில் வந்து உட்கார்ந்து, உட்கார்ந்த இடம் எது என்று தெரியாமல் விழித்தன. ரேஷன் கடை மெஷின் விரலைக் கண்டுகொள்ளாததால் குரலைக் கேட்டுச் சாமான் போட்டார்கள். வேப்பமரத்தடியில் நின்றவர்களுக்கு மர நிழல் இருந்தது, அவர்கள் நிழல் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் மாநிறமா சிவப்பா என்று கேட்க வழியில்லாமல் படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். குடித்துவிட்டு அடிக்க ஓங்கியவனின் கை எதிரி நிற்கும் இடம் தெரியாமல் காற்றில் சுழன்றது. சந்நிதியில், முன்னால் நிற்கிறவர் மறைக்கிறார் என்ற காலங்காலமான சண்டை நின்றுபோய், கடைசி வரிசையில் நின்ற குள்ளக் கிழவர்கூட ஆயிரம் பேர் ஊடாக அம்மனின் மூக்குத்தியைக் கண்டு, இத்தனை வருஷம் கழித்து அது சிவப்புக்கல் என்று அறிந்து அழுதார்.

இடித்துக்கொள்ளாமல் நடப்பதற்கு ஒரு வழி வேண்டுமே. அதையும் ஊர் கண்டுபிடித்தது. ஆளுக்கொரு மணி. ஆட்டுக் கழுத்துச் சலங்கை, சைக்கிள் மணி, பூசை மணி, வண்டிமாட்டு மணி, குழந்தையின் கிலுகிலுப்பை என்று ஆளுக்கொரு ஓசையை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். வெண்கல மணி கேட்டால் கோமதிநாயகம் வருகிறார். பள்ளிக்கூடத்துப் பழைய கைமணி கேட்டால் உலகநாதன் சார். ஜல் ஜல் என்று விரைந்து வந்தால் ஆவுடைத்தங்கம். முகத்தைவிட மணி நல்லது, மணி பொய் சொல்லாது என்று பேசிக்கொண்டார்கள். செவக்காடு காலையிலிருந்து மாலைவரை தேர்போல ஒலித்தது.

அந்த ஒலி போய்ச் சேராத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒன்பது வயது அல்லிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது; முகம் அறுபடாததால் ஊரில் ஊடுதெரியாமல் நின்றவளும் அவள் ஒருத்திதான்.

அல்லியும் தாயும் கையால் பேசுகிறவர்கள். தகப்பன் குவைத்தில் இருந்தான், வீடியோவில் அழைத்தவன், "வடிவு, நாற்காலிதான் தெரியுது, நீ எங்க இருக்க?" என்று இரண்டு நாள் கேட்டுவிட்டு, குரலோடு பேசப் பழகிக்கொண்டான். மகளுக்கு அப்படிப் பழக வழியில்லை. வடிவு கைகளில் பவுடரைக் கொட்டிப் பூசினாள். உதட்டில் சாயம் தடவினாள். அந்தரத்தில் இரண்டு வெள்ளைக் கைகளும் ஒரு சிவப்பு வாயும் அசைந்தன. 'சாப்பிட்டாயா?' என்றன கைகள். 'பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?' என்றன. அல்லி அவற்றைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் பவுடரும் தெளிந்துபோக, வடிவு மறுபடி பூசினாள். அந்த மாதத்தில் ஒன்பது டப்பா தீர்ந்தது; அல்லியின் கையிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

வடிவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். பாதிச் சோற்றில் எழுந்து தெருமுனைவரை நடந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். ஒரு மத்தியானம் அப்படித் திரும்பியவள் நிலைவாசலில் நின்றுவிட்டாள். உள்ளே அல்லி அலமாரிக் கண்ணாடியின் முன் நின்று கையால் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பேசுவாள், கண்ணாடியில் தன் கண்களை நிமிர்ந்து பார்ப்பாள், அடுத்த சொல் பேசுவாள். பேசுகிறவளுக்குக் கேட்கிற கண் வேண்டும். எதிரே இருப்பவர் தன்னைப் பார்க்கிறாரா இல்லையா என்று தெரியாமல் ஒரு குழந்தை யாரிடம் பேசும்? கைக்குப் பவுடர் பூசலாம். உதட்டுக்குச் சாயம் பூசலாம். கண்ணுக்கு எதைப் பூசுவது?

அன்று மாலையே மூவரையும் தேடிப் போனாள்.

"திறந்துட்டா எல்லாம் பழையபடி ஆயிரும் அண்ணாச்சி. உங்க துண்டை அடிச்சா போதும்" என்றாள் அரிசி ஆலையில்.

வெண்கல மணி சிணுங்கியது. "எதுக்கு அவசரம்? நல்லாத்தானே இருக்கு? என் தொந்தி தெரியலன்னு பேரன் சந்தோசப்படுதான்."

"எம்மவ பேச மாட்டேங்கா அண்ணாச்சி."

ஒரு கை அரிசி அந்தரத்தில் எழும்பி மூட்டைக்குள் திரும்ப விழுந்தது. பிறகு, "உலகநாதன் வாரேன்னு சொல்லட்டும், நான் வாரேன்" என்றார்.

உலகநாதன், "கோமதிநாயகம் முதல்ல அடிக்கட்டும்மா, அப்புறம் பாப்போம்" என்றார். ஆவுடைத்தங்கம் மட்டும் உண்மையின் பக்கத்தில் வந்தாள். "மதினி, ஒண்ணு யோசிச்சியா? அன்னைக்கு முதுகு மறைச்சுச்சு. இன்னைக்கு எவ முதுகு எதை மறைக்கும்? நான் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அந்த ரெண்டு பேருக்கும் பளிச்சுன்னு தெரியும்."

"தெரிஞ்சா என்ன மதினி?"

"அது... தெரியக்கூடாது." ஜல் ஜல் என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

திரை கட்டலாம் என்றாள் வடிவு. திரைக்குப் பின்னால் தனியாக இருக்கிறவர் தங்கள் தெரு முகங்களை அழித்துவிட்டால் யார் பொறுப்பு என்று மற்ற இருவரும் கேட்டார்கள். மூவரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றாள். மூடியிருக்கிறோம் என்பதற்கு என்ன சாட்சி, கண்தான் தெரியவில்லையே என்றார் உலகநாதன். அது சரியான கேள்வியாகவும் இருந்தது. இப்படிச் சித்திரை போய் வைகாசி வந்தது. அல்லி கண்ணாடியின் முன் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போயிற்று. ஒருநாள் வடிவு குறுக்கே போய் நின்றாள். அல்லி அவள் ஊடாகவே கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கணத்தில் வடிவுக்கு ஒன்று விளங்கியது. ஊர் முழுவதும் கண்ணாடியாகிவிட்டது. பின்னால் நிற்கும் மரமும் மாடும் தெரிகிறது. ஆனால் உள்ளே பதுங்கியிருப்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. மூவரிடம் போய், திறந்து காட்டுங்கள், திறந்து காட்டுங்கள் என்று கெஞ்சுகிறாளே, அவள் எதைத் திறந்து காட்டினாள்? அன்பர்களே, உடம்பு ஊடுதெரிவதால் மட்டும் மனிதன் தெளிந்துவிடுவதில்லை. எத்தனை மெல்லிய கண்ணாடிக்குள்ளும் ஒரு பொய் குந்தியிருக்க இடம் உண்டு. அதை எழுப்பி வெளியே அனுப்புவது அதற்கு இடம் கொடுத்தவரால்தான் ஆகும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, கடைவாசலில் ஊரைக் கூட்டினாள். மணிகள் வந்து வந்து சேர்ந்தன. அல்லியை முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தாள். கைகளில் பவுடரைப் பூசிக்கொண்டு, வாயால் சொல்வதையே கையாலும் சொல்லத் தொடங்கினாள்.

"எல்லாரும் மணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. அண்ணாச்சி படத்தை ஒருத்தரும் மாத்தல. நான்தான் மாத்தி வச்சேன். வேணும்னு இல்ல, கை தப்பிருச்சு. ரெண்டு கோமதிநாயகமும் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. பயந்துபோயி யாரோ புகுந்து மாத்திட்டாவன்னு சொல்லிட்டேன். நீங்க ஒருத்தரையொருத்தர் சந்தேகப்பட்டதும், முகத்தையெல்லாம் பூட்டினதும், எல்லாம் என் பொய்யாலதான்."

ஆயிரத்து நானூறு மணிகளும் ஓய்ந்தன. காற்றில் நெடுநாளாக மறந்திருந்த குருவிச் சத்தம் கேட்டது.

"அடிப்பாவி!" என்றது கோமதிநாயகத்தின் குரல். "எங்க அத்தை அன்னைக்கு அழுத அழுகைக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாவளே! நீயா?"

"நான்தான் அண்ணாச்சி."

"கீழத்தெருக்காரன் முகத்துல ரெண்டு மாசமா முழிக்காம இருக்கேனே!"

"எம்முகம் தெரிஞ்சாத்தானேவே முழிப்பீரு" என்றார் உலகநாதன். யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பரவவில்லை.

"இனிமே என் வீட்டு விசேஷத்துக்கு உன் கடையில ஒரு தட்டி கிடையாது. எழுதி வச்சுக்கோ."

"சரி அண்ணாச்சி."

அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. திற என்று சொல்லவில்லை. வெள்ளைக் கைகள் இரண்டும் தணிந்து தொங்கின. கூட்டம் அசையாமல் நின்றது. போவதற்கும் மனமில்லை, இருப்பதற்கும் முகமில்லை. அப்போது வெண்கல மணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தடுமாறித் தடுமாறி, கடைக்குள் போயிற்று. நாற்காலி கிறீச்சிட்டது.

"வாங்கவே வாத்தியாரே, நீயும் வா ஆவுடை. முறைப்படி பக்கத்துல நின்னு பாருங்க" என்றார் கோமதிநாயகம். "அன்னைக்கு எனக்கு ஆத்திரம். அதைச் சொல்லிட்டேன். பிறகு என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

விசைகள் தாமாக அமுங்கின. அவர் மார்பின் ஊடாக உலகநாதன் பள்ளிக்கூடத்துக் குரலில் எழுத்துக்கூட்டினார். "கீ... ழ... தெ... ரு... க... ள... வா... ணி... ப... ய... லு... மேலே அடியும்வே, ஏன் நிறுத்திட்டீரு?"

"இன்னும் ஒரு எழுத்துதான்."

"'பயலுக'வா? எல்லாரையும் சேத்துத்தான் சொல்லியிருக்கீரு."

கீழத்தெரு மணிகள் கலகலத்தன. அடுத்து உலகநாதன் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் போதித்த அந்த விரல்கள் ஒரு கணம் தயங்கி, பிறகு ஒவ்வொரு எழுத்தாக, வடக்குத் தெருவின் திமிரைப் பற்றியும் அது அடங்கவேண்டிய விதத்தைப் பற்றியும் பிழையில்லாமல் அடித்து முடித்தன. "எழுத்துப்பிழையாவது விட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தார் கோமதிநாயகம்.

கடைசியாக ஆவுடைத்தங்கம். "நான் ஒரு தெருவையும் தனியா சொல்லலப்பா" என்று சொல்லிக்கொண்டே, ரெண்டு தெருவும் நாசமாப் போக என்று அடித்து, எண்டர் விசையை ஓங்கித் தட்டினாள்.

பூட்டுத் திறந்தது.

மூன்று வசவுகளால் இரண்டு மாதமாக ஒரு ஊர் தன் முகத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. சொன்னவரும் கேட்டவரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் மூச்சு ஒருவர் மேல் பட்டது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. நாம் ஒளித்து வைத்திருக்கும் சொற்கள் இவ்வளவுதான், இவ்வளவே சிறியவை. ஒளிந்திருக்கும்போதுதான் அவை ஊரையே விழுங்கும். இதைக் கேட்பவர்களே, உங்கள் தெருவைப் பற்றி நீங்களும் எதையேனும் பூட்டி வைத்திருந்தால், இன்று பகல் வெளிச்சம் இருக்கும்போதே எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள்.

முகங்கள் பெயர் வரிசையில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அருணாசலத்தின் மொட்டைத் தலை வெயிலில் மின்னியது. ஆவுடைத்தங்கத்தின் மூக்கு, பிறகு அவளே. உலகநாதன் சாரின் நரைத்த புருவம். கோமதிநாயகம் தொந்தியைத் தடவிப் பார்த்து, பேரனைக் கண்ணால் தேடினார். ஒவ்வொரு மனிதர் நிரம்பும்போதும் அவருக்குப் பின்னால் நின்றவர் மறைந்தார்; இரண்டு மாதத்துக்குப் பிறகு யாரோ, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, மறைக்குது" என்று கத்தினார்கள்.

கோப்பில் வெறும் 'வடிவு' என்று போட்டிருந்ததால் அவள் பெயர் வரிசையில் வெகு கீழே இருந்தது. அவள் ஸ்டூலின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கைகளில் இருந்த பவுடர் எப்போதோ தெளிந்துபோயிற்று. மறுபடி பூச எழவில்லை. அல்லி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பி வரும் முகங்களை ஒவ்வொன்றாக.

பிறகு அவள் திரும்பினாள்.

எதிரே, காற்றில், முதலில் இரண்டு கண்கள் வந்தன. அழுது சிவந்து, இமைக்காமல், அல்லியைத் தவிர வேறெதையும் பார்க்காத கண்கள். அல்லி அவற்றையே வெகுநேரம் பார்த்தாள். இடப்பக்கம் சாய்ந்தாள், கண்கள் கூடவே வந்தன. வலப்பக்கம் சாய்ந்தாள், வந்தன. நெற்றியும் கன்னமும் தோளும் அதன் பிறகே நிரம்பின. வடிவு ஏதோ சொல்லக் கைகளைத் தூக்கினாள்.

அல்லி அந்தக் கைகளைப் பிடித்து, தாயின் மடியிலேயே அமுக்கி வைத்தாள். பிறகு தன் கைகளை உயர்த்தி, இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை, முதல் நாளிலிருந்து, ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள்.